கொலை வழக்கா, கிரயப் பத்திரமா? ஆதித்த கரிகாலனும் ஆயிரம் வருடச் சந்தேகங்களும்

எங்கள் பெரியப்பா கும்பகோணத்தில் நாற்பது வருடம் பத்திரம் எழுதியவர். சோழர் கதையில் அவருக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. 'பொன்னியின் செல்வன்' படம் வந்த சமயத்தில் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் "ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாரு" என்று இரவு சாப்பாட்டுக்கு அப்புறமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அந்தச் சோழ இளவரசனின் கொலையைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தை அச்சடித்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "தம்பி, இது கொலைக் கேஸ் கட்டு இல்லடா. நிலத்தை விக்கிறதுக்கு முன்னாடி வில்லங்கம் தீர்க்குற காகிதம்" என்றார். அதற்கப்புறம் இந்த விஷயத்தை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்திலிருந்து அணைக்கரைப் பாலம் தாண்டி, மீன்சுருட்டி வழியாகப் போனால் காட்டுமன்னார்கோயில். கொள்ளிடத்துக்கு வடகரை. அணைக்கரையில் பிரியும் வடவாறுதான் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது, அந்த ஏரித் தண்ணீர்தான் 2004 முதல் குழாயில் சென்னைக்குப் போகிறது. ஏரியின் முழுப் பெயர் வீரநாராயணன் ஏரி. வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர். அதே பெயரில் அங்கே இருந்த பிராமணக் குடியிருப்புதான் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம், நாதமுனிகள் பிறந்த ஊர் என்று வைணவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஊரின் ஒரு பகுதிதான் இன்றைய உடையார்குடி. அங்கே அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டு 1920-இல் படியெடுக்கப்பட்டது. அதற்கு முன்னால் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான் என்பதே யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கொலை என்ற சொல்லே இந்த ஒரு சுவரில் இருந்துதான் வந்தது.

சரி, கொல்லப்பட்டவன் யார்? சுந்தர சோழனின் மூத்த மகன், குந்தவைக்கும் அருண்மொழிக்கும் (பின்னாளில் ராஜராஜன்) உடன்பிறந்தவன். சின்ன வயதிலேயே பாண்டிய நாட்டுப் போரில் சேவூரில் வீரபாண்டியனோடு மோதியவன். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேடு, இப்போது லெய்டன் செப்பேடு என்று சொல்கிறோமே, அதில் மதயானையோடு விளையாடும் சிங்கக்குட்டி மாதிரி வீரபாண்டியனோடு போரில் விளையாடினான் என்று வருகிறது. அந்த வீரபாண்டியனுக்கு ஏற்கனவே 'சோழன் தலைகொண்ட' என்று ஒரு பட்டம் இருந்தது. பதிலுக்கு ஆதித்தனுக்கு 'வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' என்ற பட்டம். தலைக்குத் தலை கணக்கு. அப்பா உயிரோடு இருக்கும்போதே இளவரசுப் பட்டம் கட்டப்பட்டு, தன் பெயரில் கல்வெட்டு வெட்டும் அளவுக்கு வளர்ந்தவன், 969 அல்லது 970 வாக்கில் திடீரென்று இல்லாமல் போகிறான். அடுத்து அரியணைக்கு வந்தது தம்பி அருண்மொழி அல்ல, பெரிய பாட்டன் கண்டராதித்தனின் மகன் உத்தம சோழன். சுந்தர சோழன் 973 வாக்கில் காஞ்சிபுரத்துப் பொன் மாளிகையில் இறந்துபோகிறார். மகன் செத்த துக்கத்தில்தான் போனார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்தக் கல்லும் அதைச் சொல்லவில்லை, ஆனால் அப்படி நினைக்காமல் இருப்பதும் கஷ்டம்தான்.

இனி கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது 986-87 வாக்கு. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறி மகாசபைக்கு (ஊரை நிர்வகித்த பிராமணச் சபை) அரசனின் ஸ்ரீமுகம், அதாவது அரசன் அனுப்பிய ஓலை வருகிறது. அதில் 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' என்று தொடங்கிப் பெயர்கள் வருகின்றன. சோமன் (அவன் பெயருக்குப் பக்கத்தில் எழுத்து சிதைந்து கிடக்கிறது), அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், இன்னொரு தம்பி பரமேஸ்வரனான இருமுடிச்சோழப் பிரம்மாதிராஜன், உடன்பிறந்த மலையனூரான் ரேவதாசக் கிரமவித்தன். அப்புறம் அவர்களுடைய பிள்ளைகள், மனைவிமார், தாய், பெரியப்பன், மாமன், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் என்று சொந்தபந்தம் முழுவதும் வரிசையாக வருகிறது. இவர்கள் அத்தனை பேர் உடைமையையும் கொட்டையூர்க்காரர் ஒருவரும் புள்ளமங்கலத்துப் பட்டர் ஒருவரும் மேற்பார்வை பார்க்க, சபையே விற்றுக் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஆணை. (நம் பக்கம் கும்பகோணத்தை ஒட்டிக் கொட்டையூர் இருக்கிறது, பசுபதிகோயில் பக்கம் புள்ளமங்கை இருக்கிறது. இந்தப் பெயர்களைச் சுவரில் படிக்கும்போது பஸ் ரூட் படிப்பது மாதிரி இருக்கும்.) அப்படி விற்ற நிலத்தை வியாழ கஜமல்லன் என்பவர் வாங்கி, பிராமணர்கள் உண்பதற்கும் தண்ணீர் வைப்பதற்கும் கோயிலில் தர்மமாக எழுதி வைக்கிறார். கல்லில் வெட்டியது அந்தத் தர்மத்துக்காக.

அவ்வளவுதான். எங்கே கொன்றார்கள், எப்படி, எதற்கு, யார் ஏவினார்கள், விசாரணை நடந்ததா, தலையை வெட்டினார்களா, நாடு கடத்தினார்களா, எதுவும் இதில் இல்லை. "பிராமணர்களைக் கொல்லக் கூடாது என்பதால் கேரளாவுக்குத் துரத்திவிட்டார்கள்" என்று உறுதியாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது கல்வெட்டில் இல்லை. இருப்பது சொத்து மட்டும்.

இந்த வெற்றிடத்தில்தான் எல்லாக் கதையும் முளைத்தது.

முதலில் வந்ததும் கனமானதுமான சந்தேகம் உத்தம சோழன் மேல். நீலகண்ட சாஸ்திரி சோழர் வரலாறு எழுதியபோது, உத்தமனை இந்தப் பழியிலிருந்து விடுவிக்க முடியாது என்கிற பக்கம் நின்றார். காரணம் எளிது: செத்ததால் லாபம் யாருக்கு? பராந்தகனுக்கு அப்புறம் மூத்த மகன் ராஜாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் யானை மேலேயே உயிர்விட்டான். அடுத்த மகன் கண்டராதித்தன் அரசனானார், அவர் போகும்போது பிள்ளை சிறு குழந்தை, அதனால் ஆட்சி தம்பி அரிஞ்சயன் பக்கம் போய் அவர் மகன் சுந்தர சோழன் கைக்கு வந்தது. வளர்ந்த அந்தக் குழந்தைதான் உத்தமன். பங்காளி வீட்டுக்குப் போன சொத்தைத் திரும்பக் கேட்கிற மனநிலை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள். சுந்தர சோழன் ராஜகேசரி, ஆதித்தன் பரகேசரி. அவன் போனதும் உத்தமன் பரகேசரியாக உட்காருகிறான், அவனுக்கு அடுத்து வந்த ராஜராஜன் ராஜகேசரி. ஆதித்தன் காலி செய்த நாற்காலியில் அப்படியே பொருந்தி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

இதோடு 16 வருடக் கணக்கைச் சேர்த்தால் வழக்கு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உத்தமன் ஆண்ட காலம் முழுவதும் கொலைகாரர்கள் மேல் கை வைக்கவில்லை, ராஜராஜன் வந்த இரண்டாவது வருடமே சொத்தைப் பிடுங்கினான், அப்படியென்றால் உத்தமன் அவர்களைக் காப்பாற்றினான் என்பது வாதம்.

இந்த இடத்தில்தான் பெரியப்பா குறுக்கே வருகிறார். ஓலையில் 'துரோகிகளான' என்று ஏற்கனவே முடிவான சங்கதி மாதிரித்தான் வருகிறது, புதிதாக விசாரித்துக் கண்டுபிடித்த தொனி இல்லை என்றார். பறிமுதலான சொத்தை விற்க வாங்குகிற ஆள் வேண்டும், சபை சம்மதிக்க வேண்டும், மேலிடத்திலிருந்து ஆள் வந்து நிற்க வேண்டும். "நம்ம ஊர்ல பாகப்பிரிவினைக் கேசு முப்பது வருஷம் நடக்குது, ராஜதுரோகின்னு பேரு வாங்கினவன் நிலத்தை எவன்டா முதல் வருஷமே தைரியமா வாங்குவான்?" என்று கேட்டார். கல்வெட்டு ஆய்வாளர்களிலும் இதற்குப் பக்கத்தில் வருகிறவர்கள் இருக்கிறார்கள்: சுவரில் இருப்பது நில விற்பனையும் அறக்கட்டளையும், தண்டனையின் முதல் நாள் அது என்று எடுத்துக்கொள்ளக் கட்டாயம் இல்லை என்று. எனக்கும் அது சரியாகப் படுகிறது. அதற்காக உத்தமன் காலத்தில் நடவடிக்கை எடுத்தார்கள் என்று நிரூபணமாகிவிடாது, அது வேறு. 16 வருட மௌனம் என்று நாம் சொல்வது, கைக்குக் கிடைத்த ஒரே ஒரு ஆவணத்தின் தேதியை வைத்துச் சொல்வது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

உத்தமன் மேல் பழி போடுவதை மறுத்தவர்களில் முக்கியமானவர் சதாசிவப் பண்டாரத்தார். திருப்புறம்பியத்துக்காரர், நம் மண்ணின் ஆள். (திருப்புறம்பியம் என்றாலே சோழர் எழுச்சிக்கு வழிவிட்ட போர் நடந்த ஊர், அங்கே பிறந்தவர் சோழர் வரலாறு எழுதினது பொருத்தம்தான்.) இந்தத் தரப்பு வைக்கும் சாட்சிகளைப் பார்த்தால் சும்மா தள்ளிவிட முடியாது. ராஜராஜன் தன் மகனுக்கு வைத்த பெயர் மதுராந்தகன், அது உத்தமனின் பெயர். பிறகு ராஜேந்திரன் என்று ஆனவன் அவன்தான். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனிடம் உயர்ந்த அதிகாரியாக இருந்து கோயில் கணக்கு வழக்குகளில் தவறு செய்தவர்களை விசாரித்திருக்கிறான். உத்தமனின் அம்மா செம்பியன் மாதேவியார் ராஜராஜன் காலத்திலும் மரியாதையோடு இருந்து கற்றளி, அதாவது கல் கோயில், கட்டிக்கொண்டிருந்தார். அண்ணனைக் கொன்ற குடும்பத்தை ஒருவன் இப்படி வீட்டுக்குள் வைத்துக்கொள்வானா?

வைத்துக்கொள்வான் என்றும் வாதம் செய்யலாம், அரசியல் என்றால் அப்படித்தானே. பெயர் வைத்தது உத்தமன் அரியணையில் இருக்கும்போது, அப்போது வேறு என்ன பெயர் வைப்பான் என்று எதிர்க் கேள்வி வரும். சதிக் கதைகளின் ருசியே இதில்தான் இருக்கிறது. நல்லபடி நடந்துகொண்டால் நடிப்பு என்று சொல்லலாம், மோசமாக நடந்துகொண்டால் பழைய பகை என்று சொல்லலாம். எந்தச் சாட்சி வந்தாலும் அதை விழுங்கிவிட்டு ஏப்பம் விடும்.

திருவாலங்காட்டுச் செப்பேடு இதில் இன்னொரு முடிச்சு. 1905-இல் கிடைத்தது, ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் ஆதித்தன் பாண்டியன் தலையைத் தன் நகரில் தூண் மேல் வைத்துவிட்டு, விண்ணுலகம் பார்க்கும் ஆசையில் போய்விட்டான் என்று கவித்துவமாக முடித்துவிடுகிறார்கள். கொலை என்ற பேச்சே இல்லை. கலியின் இருளைப் போக்க அருண்மொழி அரசனாக வேண்டும் என்று மக்கள் கேட்டார்களாம், சித்தப்பா முறையுள்ள மதுராந்தகனுக்கு (நம் உத்தமன்தான்) ஆசை இருக்கும் வரை எனக்கு மனதாலும் வேண்டாம் என்று அவன் சொன்னானாம், மதுராந்தகன் அரசனாகி அருண்மொழியை இளவரசனாக வைத்தானாம். இதை ஒரு சாரார் பெருந்தன்மை என்று படிக்கிறார்கள், இன்னொரு சாரார் இது சமரச ஒப்பந்தம் என்கிறார்கள்: உன் காலம் வரை நீ, அப்புறம் நான். எனக்கு இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆனால் ஒன்று, செப்பேட்டை எழுதியது அரியணையைப் பிடித்துக்கொண்ட கிளை, சம்பவம் நடந்து கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து. ஜெயித்த வீட்டில் எழுதிய குடும்ப வரலாறு.

அடுத்த சந்தேகம் பாண்டியர் மேல், பொதுமக்களிடம் இதுதான் செல்வாக்கானது. அதற்குக் காரணம் கல்கி. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனில் ரவிதாசன் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளின் (அரசனுக்காக உயிரையும் கொடுக்கும் மெய்க்காவலர்கள்) தலைவனாகி, நந்தினி என்ற கற்பனைப் பாத்திரத்தோடு சேர்ந்து, கடம்பூர் மாளிகையில் காரியம் நடந்து, கத்தி யார் கையில் இருந்தது என்பதைக்கூடக் கல்கி தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டார். கெட்டிக்காரர். ஆனால் அதன் விளைவு, காட்டுமன்னார்கோயில் பக்கத்து மேலக்கடம்பூருக்கு வருகிறவர்கள் அந்த மாளிகை எங்கே என்று கேட்கிறார்கள். அங்கே இருப்பது தேர் வடிவத்தில் அமைந்த அழகான கோயில், அதுவும் இந்தக் கொலைக்கு நூறு வருடத்துக்கும் மேல் கழித்துக் கட்டியது. கொலை நடந்த இடம் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது.

பாண்டியர் தரப்புக்கு நாவல் தவிர ஒரு ஆதாரமும் காட்டுவார்கள். ரவிதாசனின் பட்டம் 'பஞ்சவன் பிரம்மாதிராஜன்', பஞ்சவன் என்றால் பாண்டியன், எனவே அவன் பாண்டியன் ஆள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பஞ்சவன் என்ற சொல்லைச் சோழர்களே தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ராஜராஜனின் மனைவி பெயர் பஞ்சவன் மாதேவி, பட்டீஸ்வரம் பக்கத்தில் அவருக்கு ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை (சமாதிக் கோயில்) இன்றும் நிற்கிறது. ராஜேந்திரனுக்கே இளவரசனாக இருந்தபோது பஞ்சவன் மாராயன் என்று ஒரு பட்டம். இவர்களையும் பாண்டிய உளவாளிகள் என்று சொல்ல முடியுமா? பாண்டியனை வென்றவன் பாண்டியன் பெயரை எடுத்துப் பட்டமாகப் போட்டுக்கொள்வது அந்தக் கால வழக்கம். தம்பி பரமேஸ்வரனின் பட்டத்தில் இருமுடிச்சோழன் என்று சோழப் பெயரே இருக்கிறது, அதை இந்தத் தரப்பு கண்டுகொள்வதில்லை. போரில் தோற்ற பக்கம் பழிவாங்கக் காரணம் நிறைய இருந்தது என்பது உண்மை, தூண் மேல் தலை இருந்தால் யாருக்குத்தான் மனசு ஆறும். அந்தக் காரணத்துக்கும் இந்த நான்கு சகோதரர்களுக்கும் நடுவில் பாலம் மட்டும் இல்லை.

உண்மையில் அந்தப் பட்டங்களில் நம்மை யோசிக்க வைக்க வேண்டியது 'பிரம்மாதிராஜன்' என்ற பகுதி. அது பிராமண அதிகாரிகளுக்கு அரசன் கொடுப்பது. சுந்தர சோழனின் அமைச்சர் அன்பில் அநிருத்தர் பிரம்மாதிராஜர்தான், லால்குடி பக்கத்து அன்பில் செப்பேடு அவருக்குக் கொடுத்த கொடையைச் சொல்கிறது. ஆக ரவிதாசனும் பரமேஸ்வரனும் அரண்மனைச் சம்பந்தம் உள்ள அதிகாரிகள். வெளியிலிருந்து வேஷம் போட்டு வந்த ஒற்றர்கள் என்பதைவிட, உள்ளேயே இருந்து தினமும் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்பதுதான் அதிகம் பொருந்துகிறது. இன்னொரு சகோதரன் கிரமவித்தன், வேதத்தைக் கிரம பாடமாக ஓதக் கற்றவன். அவன் கத்தி எடுத்தானா அல்லது குடும்பத்தோடு சேர்த்து மாட்டிக்கொண்டானா என்பது அந்த ஓலையில் பிரித்துச் சொல்லப்படவில்லை.

இந்த இடத்தில் சாதிச் சண்டை வந்துவிடும், வந்தும்விட்டது. பிராமணர்கள் கூடிச் சோழனைக் கொன்றார்கள், ராஜராஜன் பயந்து விட்டுவிட்டான் என்று ஒரு கூட்டம். கல்வெட்டே திரித்துப் படிக்கப்பட்டது என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் கல்வெட்டின் பின்பகுதியைப் படித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆணையை நிறைவேற்றச் சொன்னது பிராமணச் சபையிடம். மேற்பார்வைக்கு வந்தவர்களில் ஒருவர் பட்டர். விற்ற நிலத்தின் வருமானம் போனது பிராமணர்கள் உண்பதற்கு. ஒரு சமூகத்தோடு அரசனுக்குப் பகை என்றால் இப்படியா செய்வான்? தண்டனை ஒரு குடும்பத்தின் மேல். அந்தக் குடும்பத்தின் எல்லையை மாமன் மச்சான் வரை இழுத்தது கொடுமைதான், மகளைக் கட்டிய மருமகன் என்ன பாவம் செய்தான். ஆனால் அது அந்தக் குடும்பத்தோடு நிற்கிறது.

ராஜராஜன், குந்தவை மேலேயே சந்தேகப்படும் கட்சியும் உண்டு. அண்ணன் போனால் தம்பிக்கு வழி என்று. அண்ணன் போய்ப் பதினைந்து வருடம் காத்திருந்து 985-இல்தான் அரியணை ஏறினான். அவ்வளவு பொறுமையான கொலைகாரனை நான் கேள்விப்பட்டதில்லை. ராஷ்டிரகூடர் கதையும் அவ்வப்போது தலைகாட்டும், அதற்கு ஒரு வரிகூட ஆதாரம் இல்லை, விட்டுவிடுவோம்.

1963-இல் கென்னடியைச் சுட்டபோது கேமராவே ஓடிக்கொண்டிருந்தது, விசாரணை ஆவணங்கள் ஆயிரக்கணக்கான பக்கம், அப்படியும் அமெரிக்காக்காரன் இன்னும் நம்பவில்லை. நம்மிடம் இருப்பது சிதைந்த எழுத்தோடு ஒரு சுவர். இதை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டால், கொன்றவர்கள் அந்தச் சகோதரர்கள் என்று அரசு நம்பியது, அவர்கள் அரண்மனை அதிகாரிகள், இந்த இரண்டு வரை தைரியமாகப் போவேன். உத்தமனுக்குத் தெரிந்திருக்கலாம் என்பது ஊகம். ஏவினான் என்பது அதற்கும் மேல் ஒரு படி, அங்கே நான் ஏறமாட்டேன்.

பெரியப்பா கடைசியாகக் காகிதத்தை மடித்துக் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "லாபம் அடைஞ்சவன்தான் கொலைகாரன்னு சொல்றீங்களே, அந்த நிலத்தை வாங்கின கஜமல்லனை ஏன்டா ஒருத்தரும் சந்தேகப்படல?"

தர்மத்துக்குத்தானே பெரியப்பா எழுதி வைத்தார் என்றேன்.

"நாப்பது வருஷத்துல தர்மத்துக்கு எழுதினவங்களையும் பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.